கிரீசர் பையன்கள் என்ன பாட்டுக் கேட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள்?

கேள்வி இதுதான்: தலையில் எண்ணெய் வழிய, தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் 1950களின் அமெரிக்க 'கிரீசர்' பையன்கள் நிஜத்தில் என்ன இசை கேட்டார்கள்? எல்லோரும் எல்விஸ் ரசிகர்கள்தானா? அந்தக் காலம் முடிந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

எல்விஸையும் கேட்டார்கள்தான். ஆனால் அவர்கள் தெருமுனையில் நின்று தாங்களே பாடியது டூ-வாப். அந்த முரட்டு வேஷத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாத, காதலியிடம் கெஞ்சுகிற பாட்டு அது. பிற்கால வாழ்க்கையைப் பட்டாளமும் ஹெராயினும் ஆலை வேலையும் தீர்மானித்தன. நாம் சினிமாவில் பார்க்கிற கிரீசரோ, பெரும்பாலும் 1969க்குப் பிறகு கல்லூரிப் பையன்கள் உருவாக்கிய ஆள்.

முதலில் இவர்கள் யாரென்று பார்த்துவிடலாம். நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இத்தாலிய வம்சாவளி, போர்ட்டோரிக்கோ குடும்பங்கள்; சிகாகோவில் போலந்துக்காரர்களும் உண்டு; கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி. எல்லாம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். ஜீன்ஸ், வெள்ளை டீ-ஷர்ட், கனமான பூட்ஸ் என்பதெல்லாம் வேலைக்குப் போகிறவனின் உடுப்பு. தோல் ஜாக்கெட் விலை அதிகம், எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியானது தலைமுடிதான். வாஸ்லினோ, நம் தாத்தாக்கள் தடவிய அதே பிரில்கிரீமோ பூசி, இரண்டு பக்கமும் பின்னோக்கி வாரி, பின்மண்டை நடுவில் வாத்து வால்போலச் சேர்ப்பார்கள். பின் பாக்கெட்டில் எப்போதும் சீப்பு இருக்கும். 'கிரீசர்' என்பது பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இவர்களைச் சொன்ன வசை. பால்டிமோரில் இவர்களுக்கு 'டிரேப்' என்று பெயர், வேறு பல ஊர்களில் 'ஹூட்'.

அந்த முடிக்கு என்ன மதிப்பு என்பதை எல்விஸை வைத்தே சொல்லலாம். 1958 மார்ச் 24ஆம் தேதி அவர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். மறுநாள் ஆர்கன்சாவின் ஃபோர்ட் சாஃபி முகாமில் முடி வெட்டினார்கள். அதைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். 1950களின் கிரீசர் பையன்களில் பலருக்கும் இதே முடிவுதான், படமெடுக்க மட்டும் ஆளில்லை.

இனி இசைக்கு வருவோம். டூ-வாப் பாட ஒரு பைசா வேண்டாம். கிட்டார் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், நாலைந்து தொண்டை இருந்தால் போதும். அடியில் பாஸ் குரல், நடுவில் இரண்டு மூன்று குரல்கள் சுருதி சேர்த்து நிற்கும், முன்னால் ஒருவன் பாடுவான். எல்லாவற்றுக்கும் மேலே பெண் குரல்போல உச்சத்தில் ஒரு கள்ளக்குரல் மிதக்கும். பெரும்பாலான பாட்டுகளுக்கு நான்கே கார்டுகள்: சி, ஏ மைனர், எஃப், ஜி. இதையே சுற்றிச் சுற்றி வருவார்கள். பாடும் இடத்தைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக் கழிவறை, சுரங்க ரயில் நிலையம், அடுக்குமாடி வீட்டின் மாடிப்படி. ஓடு பதித்த சுவரும் உயரமான கூரையும் தரும் எதிரொலிதான் அவர்களுக்கு ஸ்டூடியோ.

'ஷ-பூம்', 'டிப்-டிப்-டிப்', 'டூ-வா' என்று அர்த்தமில்லாத அசைகள் ஏன் இத்தனை என்று கேட்டால், காரணம் எளியது. வாத்தியம் இல்லாத இடத்தில் யாராவது வாயால் தாளம் போட வேண்டும். நம் நாட்டுப்புறப் பாட்டில் 'தன்னானே' வந்து உட்காருவதைப் போலத்தான். பாஸ் பாடுகிறவன்தான் டபுள் பாஸும் டிரம்ஸும்.

இந்த இசையை உருவாக்கியவர்கள் கறுப்பினப் பையன்கள். இதைச் சொல்லாமல் கிரீசர் இசையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. 1954ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த 'தி கார்ட்ஸ்' பாடிய 'ஷ-பூம்' பெரிய வெற்றி. அதே வருடம் 'க்ரூ-கட்ஸ்' என்ற கனடா வெள்ளையர் குழு அதையே பாடி இன்னும் அதிகமாக விற்றது. 1956ல் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் 13 வயதுப் பையன் பிரான்கி லைமன் தன் குழுவோடு பாடிய 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' நாடெங்கும் கேட்டது. தனக்குச் சமமான வயதுக்காரன் ஒருவன் பாடி ஜெயித்ததைப் பார்த்து ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழு கிளம்பியது. ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் 1954ல் நியூயார்க் வானொலிக்கு வந்து இரவில் கறுப்பினக் குழுக்களின் மூல ஒலிப்பதிவுகளையே போட்டார். இத்தாலியப் பையன்கள் அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆக, தெருக் கும்பல்களின் எல்லைச் சண்டையில் கறுப்பினப் பையன்களோடும் போர்ட்டோரிக்கோ பையன்களோடும் அடித்துக்கொண்ட இத்தாலியப் பையன்கள், இரவில் அவர்களுடைய பாட்டையே மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாகச் சேர்ந்த குழுக்களும் இருந்தன. 1958ன் இறுதியில் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' பாட்டைத் தந்த 'தி க்ரெஸ்ட்ஸ்' குழுவில் கறுப்பினத்தவரும் போர்ட்டோரிக்கோக்காரரும் இருந்தார்கள், முன்னால் பாடிய ஜானி மேஸ்ட்ரோ இத்தாலிய வம்சாவளி. ஆனால் அது அபூர்வம். பாட்டு தெருவைத் தாண்டிய அளவுக்குப் பையன்கள் தாண்டவில்லை என்பதுதான் உண்மை.

டூ-வாப் பாடிய இத்தாலியப் பையன்களில் ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் டியான் டிமூச்சியைச் சொல்வேன். 1939ல் பிராங்க்ஸில் பிறந்தவர். பக்கத்துத் தெருவான பெல்மான்ட் அவென்யூவின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: 'டியான் அண்ட் தி பெல்மான்ட்ஸ்'. 1958ல் வந்த 'ஐ வொண்டர் ஒய்' பாட்டின் முதல் சில விநாடிகளைக் கேளுங்கள். பாஸ் குரல் தனியாகத் தடதடவென்று ஆரம்பிக்கும், மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறும், கடைசியில்தான் டியான். டூ-வாப் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை யாரும் விளக்க வேண்டாம், அந்தத் தொடக்கமே போதும். தானும் ஒரு தெருக் கும்பலில் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

சத்தமான பக்கமும் இல்லாமல் இல்லை. அதற்கு லிங்க் ரே. வட கரோலினாவில் பிறந்தவர், ஷானி பழங்குடி வம்சாவளி. ராணுவத்தில் இருந்தபோது காசநோய் வந்து ஒரு நுரையீரலே போய்விட்டது. பாட முடியாததால் கிட்டாரைப் பேச வைத்தார். 1958ல் வந்த அவருடைய 'ரம்பிள்' ஒரு வார்த்தைகூட இல்லாத வாத்திய இசை. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டு, அந்தக் கிழிந்த கரகர ஒலியை வரவழைத்தார். தெருச் சண்டைக்குத் தூண்டும் என்று சில நகரங்களின் வானொலி நிலையங்கள் இதைத் தடை செய்தன. வார்த்தையே இல்லாத பாட்டுக்குத் தடை! இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கிட்டார்காரனுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

தோல் ஜாக்கெட் ராக் பாடகர் என்ற உருவத்துக்குப் பின்னாலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜீன் வின்சென்ட் வர்ஜீனியாக்காரர். 1955ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, ஆயுள் முழுக்க நொண்டியவர். 1959ன் இறுதியில் அவர் இங்கிலாந்து போனபோதுதான் ஜாக் குட் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அவருக்கு உச்சி முதல் பாதம் வரை கறுப்புத் தோலும் கழுத்தில் பதக்கமும் மாட்டிவிட்டார். ஷேக்ஸ்பியர் நாடக வேஷத்தை மனதில் வைத்துச் செய்த அலங்காரம் அது. நொண்டுவதையும் மறைக்காமல் காட்டச் சொன்னார். அந்தத் தோல் உடை, மோட்டார் சைக்கிளே உலகமென்று இருந்த பிரிட்டிஷ் ராக்கர்களுக்கு வேதமாகிவிட்டது. 1960 ஏப்ரலில் சிப்பன்ஹாம் அருகே நடந்த கார் விபத்தில் இன்னொரு அமெரிக்க ராக் பாடகர் எடி காக்ரன் 21 வயதில் இறந்தார். அதே காரில் இருந்த வின்சென்ட் பிழைத்தாலும், 1971ல் 36 வயதில் போய்ச் சேர்ந்தார். பிரிட்டிஷ் ராக்கர்களின் கதை தனி, அதற்குள் இங்கே போகவில்லை.

பெண்கள்? இருந்தார்கள், ஆனால் கதை சொல்கிறவர்கள் அவர்களைப் பின் சீட்டில்தான் உட்கார வைத்தார்கள். விதிவிலக்கு, குவீன்ஸ் பகுதிப் பள்ளி மாணவிகளான 'ஷாங்ரி-லாஸ்'. 1964ல் முதலிடம் பிடித்த 'லீடர் ஆஃப் தி பேக்' பாட்டில், பெற்றோருக்குப் பயந்து காதலனை விலக்கிய பெண், அவன் மோட்டார் சைக்கிளில் செத்ததைத் தோழிகளிடம் சொல்கிறாள். முன்னணிப் பாடகி மேரி வைஸுக்கு அப்போது 15 வயது. சில வருடங்களில் குழு வழக்குகளில் சிக்கிச் சிதறியது. குழுவில் இருந்த மேரி ஆன் கான்சர் 1970லேயே இறந்தார், அவருடைய இரட்டைச் சகோதரி மார்ஜ் 1996ல். மேரி வைஸோ கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் செயலாளராகச் சேர்ந்தார். பிறகு அலுவலக உள் அலங்காரத் தொழிலில் பல வருடங்கள் வேலை பார்த்தார். 2007ல் 58 வயதில் ஒரு தனி ஆல்பம் வெளியிட்டு, 2024 ஜனவரியில் காலமானார்.

அப்புறம் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலீஸ் நகர எல்லைக்குள் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நடன நிகழ்ச்சி வைக்க ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர், ஆர்மீனிய வம்சாவளி, எல்லைக்கு வெளியே எல் மான்டே ஊர் அரங்கத்தில் நிகழ்ச்சிகளை நடத்தினார். மெக்சிகோ வம்சாவளி, கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஆடிய அரங்கம் அது. பழைய பாட்டு கேட்டுப் பிள்ளைகள் அவரை நச்சரித்தார்கள். பழசு என்றால் இரண்டு மூன்று வருடப் பழசு, அவ்வளவுதான். 1959ல் அவற்றைத் தொகுத்து 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்று இசைத்தட்டாக்கினார். இளமை முடிவதற்குள்ளேயே அதற்கு ஏங்க ஆரம்பித்த தலைமுறை என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, பிற்காலம். 1950களில் வளர்ந்தவர்களுக்கு அமைதிக்காலக் கட்டாய ராணுவ சேவை. 1960களின் நடுவில் வளர்ந்தவர்களுக்கு வியட்நாம். கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு கிடைத்தது, கார் பழுது பார்ப்பவனுக்குக் கிடைக்கவில்லை. 1964க்கும் 1973க்கும் இடையே சுமார் 22 லட்சம் பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள், பாரம் அதிகம் விழுந்தது இந்த வீடுகளில்தான். போருக்குப் போகாதவர்களும் திரும்பி வந்தவர்களும் ஆலை, துறைமுகம், கட்டட வேலை, தீயணைப்புத் துறை, போலீஸ் என்று அப்பா வழியிலேயே போனார்கள். கல்யாணம், புறநகரில் சின்ன வீடு, தலையில் வழுக்கை. பெரும்பாலானவர்களின் கதை இதுதான். யாரும் படமெடுக்காத கதையும் இதுதான். அந்த ஆலைகளும் நிலைக்கவில்லை. 1977 செப்டம்பர் 19 அன்று ஓஹையோவின் யங்ஸ்டவுனில் ஒரு பெரிய எஃகு ஆலையை மூடப்போவதாக அறிவித்ததில் மட்டும் சுமார் 5,000 பேர் வேலை போயிற்று.

இன்னொரு பக்கம் ஹெராயின். பிரான்கி லைமன் 1968 பிப்ரவரியில் ஹார்லெமில் தன் பாட்டி வீட்டுக் குளியலறையில் இறந்துகிடந்தார், வயது 25. டியானும் பதின்ம வயதிலேயே அதில் விழுந்தவர். அவர் ஏற்கெனவே ஒருமுறை தப்பியிருந்தார். 1959 பிப்ரவரி 3ஆம் தேதி அயோவாவில் விமானம் நொறுங்கி ராக் பாடகர்கள் பட்டி ஹாலி, 17 வயது ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் ஆகியோர் இறந்தார்களே, அந்தச் சுற்றுப்பயணத்தில் டியானும் இருந்தார். அந்த விமானத்தில் ஒரு சீட்டுக்கு 36 டாலர். தன் பெற்றோர் மாத வாடகையாகக் கொடுத்த தொகை அதுதான் என்பதால் மனசு வராமல் மறுத்துவிட்டதாகச் சொல்வார். தொழிலாளி வீட்டுக் கணக்கு உயிரைக் காப்பாற்றியது. லைமன் இறந்த சில வாரங்களில், 1968 ஏப்ரலில், போதையை விட்டார். அதே வருடம் 'ஆபிரகாம், மார்ட்டின் அண்ட் ஜான்' என்ற அமைதியான இரங்கல் பாட்டு அவரை மறுபடி மேலே கொண்டுவந்தது. 2020ல் 80 வயதில் ப்ளூஸ் ஆல்பம் போட்டார். என்னைக் கேட்டால் இந்தப் பிற்காலப் பதிவுகள் பழைய வெற்றிப் பாட்டுகள் சிலவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1959 ஆகஸ்டில் மன்ஹாட்டனில் ஒரு விளையாட்டுத் திடலில், கும்பல் எதிலும் சேராத இரண்டு பையன்களைக் கத்தியால் குத்திக் கொன்றான் சால்வடோர் அக்ரான். 16 வயது, போர்ட்டோரிக்கோவில் பிறந்தவன். மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1962ல் ஆளுநர் ராக்ஃபெல்லர் அதை ஆயுளாகக் குறைத்தார். சிறையில்தான் எழுதப் படிக்கக் கற்றான், கவிதை எழுதினான். 1979ல் வெளியே வந்து 1986ல் இறந்தான். 1998ல் பால் சைமன் இந்தக் கதையை டூ-வாப் மெட்டுகளோடு பிராட்வே இசை நாடகமாக்கினார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் எதிர்த்தன. நாடகமும் 68 காட்சிகளோடு முடிந்தது. அக்காலத்தைச் செல்லமாக நினைத்துக்கொள்ளும் எவரும் இந்தப் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி அந்தக் கல்லூரிப் பையன்கள். 1968ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் மாணவர் போராட்டத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அங்கே இருந்த ஒரு பாடகர் குழு மறுவருடம் தலையில் எண்ணெய் பூசி, தங்கச் சரிகைச் சட்டை போட்டு, 'ஷா நா நா' என்று பெயர் மாற்றிக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடியது. போராட்டத்தில் எதிரெதிராக நின்ற இடதுசாரி மாணவர்களும் விளையாட்டு வீரர்களும் கைகலக்காமல் ஒன்றாக உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில், கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் சற்று முன்னால் மேடையேறினார்கள். அதிலிருந்து சிகாகோவின் 'கிரீஸ்' நாடகம், பிராட்வே, 1978ன் திரைப்படம் என்று கிரீசர் ஒரு கேலி கலந்த செல்லப் பிள்ளையானான். 1971ல் சிகாகோவில் முதலில் அரங்கேறிய வடிவம் உள்ளூர் வாடையும் கெட்ட வார்த்தையுமாக இருந்தது. மேடை பெரிதாகப் பெரிதாக எல்லாம் வழவழப்பாகிவிட்டது.

'ஷா நா நா' என்ற அசை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1958ல் முதலிடம் பிடித்த 'கெட் எ ஜாப்' பாட்டின் கோரஸ் அது. பாடியது ஃபிலடெல்பியாவின் 'சில்லுவெட்ஸ்' என்ற கறுப்பினக் குழு. வேலை தேடிக் கிடைக்காதவனை வீட்டில் திட்டித் தீர்ப்பதுதான் பாட்டின் விஷயம். கல்லூரிக் குழு அந்த வரிகளையும் பாடியதுதான். ஆனால் ஊர் மனதில் பதிந்தது அசையும் எண்ணெய்த் தலையும், வேலையில்லாதவனின் புலம்பல் அல்ல. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் சின்னக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பழைய மோகத்தால் நிஜப் பாடகர்களுக்கு மறுபடி மேடை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969 அக்டோபரில் ரிச்சர்ட் நேடர் என்பவர் மாடிசன் ஸ்கொயர் கார்டனின் ஃபெல்ட் ஃபோரம் அரங்கில் பழைய ராக் அண்ட் ரோல் கச்சேரிகளைத் தொடங்கினார், அது பல வருடங்கள் ஓடியது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி 1999 முதல் நன்கொடை திரட்டும் நிகழ்ச்சியாகவே டூ-வாப் கச்சேரிகளை ஒளிபரப்பியது. பணம் நன்றாகவே வந்தது. பழைய கிரீசர்கள் இப்போது ஓய்வூதியக்காரர்கள் அல்லவா. லிங்க் ரே 1971ல் மேரிலாந்தில் தன் குடும்பத்துக் கோழிக்கொட்டகையை ஸ்டூடியோவாக்கிப் பதிவு செய்தார். கடைசியில் டென்மார்க்கில் குடியேறி 2005ல் கோபன்ஹேகனில் இறந்தார். ஆர்ட் லபோ 2022ல் 97 வயதில் சாகும்வரை ஒலிபரப்பினார். கணவனோ தந்தையோ சிறையில் இருக்கும் குடும்பங்கள் தொலைபேசியில் அழைத்து, அவர்களுக்காக ஒரு பழைய பாட்டு கேட்பது அவர் நிகழ்ச்சியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் போகலாம்: முதலில் 'கெட் எ ஜாப்', அடுத்து 'ஐ வொண்டர் ஒய்', பிறகு 'ஃபைவ் சேட்டின்ஸ்' குழு 1956ல் நியூ ஹேவனில் ஒரு தேவாலய அடித்தளத்தில் பதிவு செய்த 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்', அதன் பிறகு 'ரம்பிள்'. 'லீடர் ஆஃப் தி பேக்' கடைசியில் இருக்கட்டும். அதன் மோட்டார் சைக்கிள் சத்தத்தை முதலிலேயே கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் சாதுவாகத் தெரியும்.